39 டாலர் 60 சென்ட்: ஃபிராங்க் காப்ராவின் ஒரு நகைச்சுவைப் படம்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் எந்தப் படத்தைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது 1934 பிப்ரவரியில் வெளியான 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்'. இயக்கியவர் ஃபிராங்க் காப்ரா, திரைக்கதை ராபர்ட் ரிஸ்கின். கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும் நடித்தார்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை பறிபோன பத்திரிகை நிருபரும் மியாமியிலிருந்து நியூயார்க்குக்கு இரவுப் பேருந்தில் போகிறார்கள். சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். இந்தக் கதையை உலகம் தொண்ணூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. நம் சென்னையிலும் எடுத்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் படம் ஏன் பழசாகவில்லை என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் தெரிந்தவைதான்: நடிகர்களின் கவர்ச்சி, வசனத்தின் வேகம், மோதலில் பிறக்கும் காதல். எல்லாம் உண்மை. ஆனால் அதே கவர்ச்சியும் வேகமும் மோதலும் கொண்ட எத்தனையோ முப்பதுகளின் படங்களை இன்று ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. என் பதில் வேறு. இந்தப் படத்தில் காசுக்குக் கணக்கு இருக்கிறது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது, எதற்குச் செலவானது, மிச்சம் என்ன என்பது தொடக்கத்திலிருந்து கடைசிவரை நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. சிரிப்பும் காதலும் அந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகின்றன.

படம் ஒரு சொகுசுப் படகில் தொடங்குகிறது. வங்கி முதலாளி ஆண்ட்ரூஸின் மகள் எல்லி, தந்தைக்குப் பிடிக்காத ஒரு விமானியைத் திருமணம் செய்துகொண்டுவிட்டாள். தந்தை அவளைப் படகில் அடைத்து வைத்திருக்கிறார். அவள் சாப்பிட மறுக்கிறாள். சாப்பாட்டை வைத்து அவர் ஆசைகாட்ட, அவள் தட்டைக் கவிழ்க்கிறாள். அவர் அறைகிறார். அவள் ஓடிப்போய்க் கடலில் குதித்து நீந்தித் தப்புகிறாள்.

1934இல் ஓர் அமெரிக்கத் திரையரங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டில் அந்த நாட்டில் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. மார்ச் மாதம் ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்றதும் முதல் வேலையாக நாட்டின் வங்கிகளையெல்லாம் சில நாட்களுக்கு மூடவேண்டியிருந்தது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால் ஒரு வங்கி முதலாளியின் மகள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்க்கிறாள். காப்ராவும் ரிஸ்கினும் இதைத் தெரியாமல் வைத்திருக்க முடியாது. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பசி என்றால் என்ன என்று தெரியப்போகிறது.

இனிப் பேருந்து. பீட்டர் வார்ன் என்ற நிருபர் அவள் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறான். அவளுடைய பெட்டி களவு போய்விட்டது. கையில் மிஞ்சியது சில டாலர்கள். பேருந்தில் தின்பண்டம் விற்பவன் வர, அவள் பழக்க தோஷத்தில் ஒரு பெட்டி சாக்லேட் கேட்கிறாள். பீட்டர் விற்பவனைத் திருப்பி அனுப்புகிறான். அவளிடம் இருக்கும் மிச்சப் பணத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, இனி நீ அளந்துதான் செலவழிக்கவேண்டும் என்கிறான். ஒரு காதலன் காதலிக்கு இனிப்பு வாங்கித் தருவதுதான் எல்லாப் படங்களிலும் நடப்பது. இங்கே இனிப்பைத் தடுப்பதில் உறவு தொடங்குகிறது.

இரவில் மழை. பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பயணிகள் சாலையோரத்தில் கார்க்காரர்கள் தங்கும் குடில்களில் இரவைக் கழிக்க வேண்டியிருக்கிறது. பீட்டர் கணவன் மனைவி என்று பெயர் பதிந்து ஒரே குடிலை எடுத்துவிட்டான். அவளுக்குக் கோபம். அவன் தரும் விளக்கத்தில் காதலும் இல்லை, கயமையும் இல்லை: குடில் வாடகை இரவுக்கு 2 டாலர், இரண்டு குடில் எடுக்கக் கையில் காசு கிடையாது. பிறகுதான் உலகப் புகழ்பெற்ற அந்தக் காட்சி. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே கயிற்றைக் கட்டி ஒரு கம்பளியைத் தொங்கவிடுகிறான். அதற்கு எரிகோவின் மதில் என்று பெயர் வைக்கிறான். பைபிளில் யோசுவாவின் ஆட்கள் எக்காளம் ஊத, இடிந்து விழுந்த அதே மதில். தன்னிடம் எக்காளம் இல்லை என்றும் சொல்லிக்கொள்கிறான்.

அந்தக் கம்பளியைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கத் திரைத்துறையின் தணிக்கை விதிகள் 1934 ஜூலையில் இறுகின. இந்தப் படம் அதற்குச் சில மாதங்கள் முன்னால் வந்துவிட்டது. இருந்தும் பின்னால் வந்த கெடுபிடிக் காலத்துக்கே இது பாடமாக அமைந்தது. எதையும் காட்டாமல் எல்லாவற்றையும் உணரவைப்பது எப்படி என்று அடுத்த முப்பது ஆண்டுகள் ஹாலிவுட் இந்தக் கம்பளியிடம் கற்றுக்கொண்டது. ஒளிப்பதிவாளர் ஜோசஃப் வாக்கர் அந்த அறையை ஏறக்குறைய இருட்டில் விட்டிருப்பார். சன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. எல்லியின் முகத்தில் ஈர வெளிச்சம். கம்பளிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வருகிறது. இத்தனை அழகும் இரண்டாவது குடிலுக்கான இரண்டு டாலர் இல்லாததால் வந்தது. திரைக்கதை எழுத விரும்பும் மாணவர்கள் இந்த இடத்தைப் பாருங்கள். இருவரையும் ஓர் அறையில் சேர்க்க எழுத்தாளன் எத்தனையோ தந்திரம் செய்யலாம். ரிஸ்கின் பணப்பையைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

மறுநாள் காலை அவன் சமைக்கிறான். ஆளுக்கொரு முட்டை, டோனட், கறுப்புக் காப்பி. அவளுக்கு ஒரு புதுப் பல்துலக்கி வாங்கி வந்திருக்கிறான். அவளது உடுப்பையும் தேய்த்து வைத்திருக்கிறான். அவள் டோனட்டைக் காப்பியில் தோய்த்து ஊறவிட, அவன் இடைமறிக்கிறான். அவ்வளவு நேரம் விடக்கூடாது, தோய்த்ததும் வாயில் போடவேண்டும், இல்லாவிட்டால் நைந்து விழுந்துவிடும் என்று பாடம் எடுக்கிறான். டீக்கடையில் பொறையைத் தோய்த்துத் தின்றவர்களுக்கு இந்த வித்தையின் நுட்பம் தெரியும். கோடிக்கணக்கில் சொத்து, இது தெரியவில்லையே என்று அவன் வியக்கிறான். அவளோ, ஒரு பிளம்பரின் மகளோடு எந்த நாளும் இடம் மாறிக்கொள்ளத் தயார் என்கிறாள். தான் காவலாளிகள் புடைசூழ வளர்ந்ததையும் தனியாக எங்கும் போனதே இல்லை என்பதையும் சொல்கிறாள். கோல்பெர்ட் இந்த வார்த்தைகளைச் சோகமாகச் சொல்லவில்லை. வாயில் டோனட்டை வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்கிறார். அதனால்தான் நாம் நம்புகிறோம்.

இந்தக் கதை காப்ராவிடம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எழுதிய 'நைட் பஸ்' என்ற சிறுகதை 1933 ஆகஸ்டில் காஸ்மோபாலிடன் இதழில் வந்தது. ஒரு முடிதிருத்தகத்தில் காத்திருந்தபோது படித்ததாகக் காப்ரா தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். படத்தைத் தயாரித்த கொலம்பியா அன்று சிறிய நிறுவனம். ஹாலிவுட்டில் ஏழைகளின் தெரு என்று மற்றவர்கள் ஏளனமாகக் குறிப்பிட்ட பகுதியில் ஹாரி கோன் நடத்திக்கொண்டிருந்தார். பெரிய நட்சத்திரம் யாரும் அவரிடம் சம்பளத்தில் இல்லை. கடன் வாங்கவேண்டும். மிர்னா லாய் உள்ளிட்ட பல நடிகைகள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் கோல்பெர்ட்டை அணுகினார்கள். அவரும் காப்ராவும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். 1927இல் அவருடைய முதல் படத்தை இயக்கியவர் காப்ராதான், படம் தோற்றுப்போனது. அந்தக் கசப்பு இருந்தது. 50,000 டாலர் வேண்டும், நான்கு வாரத்தில் முடிக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். கோன் ஒப்புக்கொண்டார். கேபிளை எம்.ஜி.எம். இரவல் கொடுத்தது. ஒழுங்காக நடக்காத நட்சத்திரத்துக்குத் தண்டனையாக எம்.ஜி.எம். தலைவர் லூயி பி. மேயர் அவரைச் சின்னக் கம்பெனிக்கு அனுப்பினார் என்று ஹாலிவுட்டில் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

ஆக, தட்டுப்பாடு கதைக்குள் மட்டும் இருந்ததில்லை. மொத்தச் செலவு ஏறத்தாழ 3,25,000 டாலர். அரங்கம் போட்டு அலங்கரிக்க நேரமில்லை. லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியிருந்த சாலைகளிலும் வயல்களிலும் படம் எடுத்தார்கள். அந்த அவசரம் படத்துக்கு நல்லதாகவே முடிந்தது. நடிகர்கள் மெருகேறுவதற்குள் காட்சி பதிவாகிவிட்டது. புழுதி நிஜப் புழுதி, வெளிச்சம் நிஜ வெயில்.

காப்ராவுக்கு இந்த வறுமை அந்நியமில்லை. 1897 மே 18 அன்று சிசிலித் தீவின் பிசாக்கீனோ என்ற ஊரில் பிறந்தவர். 1903இல், கப்பலின் அடித்தட்டில் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். சிறுவனாக லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் பத்திரிகை விற்றார். 1918இல் வேதிப்பொறியியல் பட்டம் வாங்கினார். இன்று கால்டெக் எனப்படும் கல்லூரி அது. பட்டம் பெற்றும் அந்தத் துறையில் வேலை கிடைக்கவில்லை. சினிமாவுக்கு வந்து, ஹால் ரோச்சிடமும் மாக் சென்னெட்டிடமும் சிரிப்புத் துணுக்கு எழுதும் வேலை பார்த்தார். கொலம்பியாவில் சேர்ந்தபோது ஒரு படத்துக்கு 1,000 டாலர் கூலி. துணுக்கு எழுதுபவனாக இருந்த அந்த ஆண்டுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் நடிகர் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதை அங்கேதான் அவர் கற்றிருக்க வேண்டும். டோனட், கம்பளி, கேரட், தொப்பி என்று இந்தப் படம் முழுக்கப் பொருள்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

ஆனால் எல்லாப் புகழையும் காப்ராவுக்கே கொடுத்துவிடுவது நியாயமில்லை. 1971இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் சுவாரசியமானது, ஆனால் நம்பகமானதல்ல. ஜோசஃப் மெக்பிரைட் 1992இல் எழுதிய பெரிய வரலாறு அதன் பல பகுதிகளைக் கேள்விக்கு உட்படுத்தியது. ரிஸ்கினுக்கு உரிய இடத்தைக் காப்ரா கொடுக்கவில்லை என்பது அதில் ஒரு முக்கியமான குற்றச்சாட்டு. படத்தைக் கவனித்துப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பது தெரியும். நான் சொல்லிவரும் பணக்கணக்கு பெரும்பாலும் எழுத்தில் இருக்கிறது. அதைச் சுமையாகத் தோன்றாமல் ஓடவிட்டது இயக்கம்.

மீண்டும் பேருந்துக்குள் வருவோம். படத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. பின்வரிசையில் சிலர் வாத்தியம் வாசித்துப் பாடத் தொடங்க, பேருந்தே சேர்ந்து பாடுகிறது. ஆளுக்கொரு சரணம். ஓட்டுநரும் உற்சாகம் தாங்காமல் சேர்ந்துகொள்ள, வண்டி சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் சிக்குகிறது. நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கணத்தில் ஒரு சிறுவனின் அலறல். அவன் அம்மா மயங்கிக் கிடக்கிறாள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்கிறான் பையன். நியூயார்க்கில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இருந்த காசையெல்லாம் பயணச்சீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இதே பேருந்தில்தான் அந்தத் தாயும் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நமக்குத் தெரியாது. காப்ரா அவளை முன்கூட்டியே காட்டி நம்மை இளக்கவில்லை. பாட்டின் உச்சத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பீட்டர் கையிலிருந்த நோட்டு பையனிடம் போய்ச் சேருகிறது. அம்மா கோபிப்பாள், உங்களுக்கே தேவைப்படும் என்று பையன் தயங்க, என்னிடம் கோடிக்கணக்கில் இருக்கிறது என்கிறான் பீட்டர். உண்மையில் கோடீஸ்வரி பக்கத்தில் நிற்கிறாள். அவளிடம் சல்லிக்காசு இல்லை. இசை எழும்பவில்லை, யாரும் அழவில்லை. ஒரு நிமிடம்கூட நீடிக்காத இந்தக் காட்சிக்குப் பிறகு எல்லி வேறு ஆளாகிவிடுகிறாள். அவர்கள் இருவரும் இனி நிஜமாகவே பசியில் நடக்கப்போகிறார்கள்.

அதன்பிறகு வருவதெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. நிலா வெளிச்சத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடப்பது, வைக்கோற்போரில் தூக்கம், கட்டைவிரலைக் காட்டிக் கார்களை நிறுத்த அவன் மூன்று முறைகளை விளக்குவதும் ஒரு காரும் நிற்காததும், அவள் பாவாடையைச் சற்றே தூக்கிக் காலைக் காட்டியதும் முதல் காரே கிறீச்சிட்டு நிற்பதும். இதில் நான் குறிக்க விரும்புவது கேரட்டை. தோட்டத்தில் பிடுங்கிய பச்சைக் கேரட்டை அவன் நீட்ட, அவள் முதலில் அருவருத்து மறுக்கிறாள். பிறகு, கேட்காமலே எடுத்துக் கடிக்கிறாள். படகில் தட்டைக் கவிழ்த்த அதே கை.

படத்தில் எனக்கு ஒப்பாத இடங்கள் இருக்கின்றன. பீட்டரின் ஆண்திமிர் அன்று வேடிக்கையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தினம் ஓர் அடி கொடுக்கும் ஆள்தான் உங்கள் மகளுக்கு வேண்டும் என்று அவன் தந்தையிடமே சொல்வான், தந்தை ரசிப்பார். இன்று அந்த வசனத்தில் அரங்கம் அமைதியாகிவிடும், ஆகவேண்டும். வங்கி முதலாளியைக் கேள்வி கேட்காமல் நல்ல மனிதராக்கி அனுப்பிவிடுவதும் காப்ராவின் அரசியலில் இருந்த பலவீனம். அடுத்தடுத்த படங்களில் அது பெரிதாயிற்று. ஏழைகளைப் பற்றி மேடைப் பேச்சுகள் கூடின, பேருந்தில் மயங்கி விழுந்த தாயைப் போன்ற ஒரு காட்சி அரிதாயிற்று. 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' ஆகிய படங்களை மதிக்கிறேன். ஆனால் அவற்றில் காப்ரா நமக்குப் போதிக்கிறார். இந்தப் படத்தில் நம்மோடு பயணம் செய்கிறார்.

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். நியூயார்க் நெருங்குகிறது. இரண்டாவது குடில், மீண்டும் கம்பளி. எல்லி மதிலைத் தாண்டி வந்து தன் மனதைச் சொல்கிறாள். பீட்டர் தடுமாறுகிறான். காதலில்லாமல் இல்லை, கையில் காசில்லாமல் எப்படிப் பெண் கேட்பது? இரவோடு இரவாகக் காரில் நியூயார்க் போகிறான். பெட்ரோலுக்குத் தன் உடைமைகளை விற்கிறான். பத்திரிகை ஆசிரியரிடம் தங்கள் கதையை விற்று 1,000 டாலர் வாங்குகிறான். இதற்குள் குடில்காரர்கள் எல்லியை வெளியேற்ற, தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைத்து அவள் தந்தைக்குத் தொலைபேசி செய்கிறாள். பீட்டர் திரும்பும் வழியில் அவளுடைய காரைப் பார்க்கிறான். 1,000 டாலரை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

மகளைக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று தந்தை அறிவித்திருந்தார். பணம் சம்பந்தமாகப் பேசவேண்டும் என்று பீட்டர் கடிதம் எழுத, பரிசுக்காக வருகிறான் என்று தந்தையும் நினைக்கிறார், எல்லியும் நினைக்கிறாள். அவன் வந்து பட்டியலை நீட்டுகிறான். கைச்செலவு 8 டாலர் 60 சென்ட். மேலங்கி 15. பெட்டி 7.50. தொப்பி 4. மூன்று சட்டை 4.50. ஆகமொத்தம் 39 டாலர் 60 சென்ட். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். உள்ளாடைகளும் காலுறைகளும்கூட விற்றேன், அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை என்கிறான்.

பத்தாயிரம் வேண்டாமா என்று தந்தை கேட்க, எனக்கு வரவேண்டியது இதுதான் என்கிறான். அவர் காசோலை எழுதிக்கொண்டே, என் மகளை நேசிக்கிறாயா என்று விடாமல் கேட்கிறார். கேபிள் முரண்டு பிடித்துப் பேச்சை மாற்றி, கடைசியில் கத்துகிறார். ஆமாம், எனக்கும் கொஞ்சம் மூளை கலங்கித்தான் இருக்கிறது என்று. இதைவிடச் சுத்தமான காதல் வாக்குமூலத்தை நான் திரையில் பார்த்ததில்லை. ஏதும் வேண்டாம் என்று போயிருந்தால் அவன் வழக்கமான தியாகக் கதாநாயகன். பத்தாயிரம் வாங்கியிருந்தால் வியாபாரி. தன் தொப்பிக்கான நான்கு டாலரை மட்டும் கேட்பவன், அந்தப் பெண்ணை விலைபேசவும் இல்லை, தன் ஏழ்மையை மறைக்கவும் இல்லை. பொருளாதார மந்தத்தில் தொப்பியை அடகு வைத்தவர்கள் நிறைந்த அரங்கில் அந்தப் பட்டியல் என்னவாக ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த அரங்குகள்தான் படத்தைக் காப்பாற்றின. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் படத்தை ஒரு வாரத்திலேயே தூக்கிவிட்டார்கள். சிற்றூர்களிலும் இரண்டாம் சுற்று அரங்குகளிலும் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கூட்டம் பெருகியது. அந்த மார்ச்சில் காப்ராவுக்கு ஓர் அவமானமும் நேர்ந்தது. முந்தைய படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். மேடையில் வில் ரோஜர்ஸ், வந்து வாங்கிக்கொள் ஃபிராங்க் என்று அழைக்க, இவர் எழுந்து நடந்தார். விருதோ ஃபிராங்க் லாய்டு என்ற வேறோர் இயக்குநருக்கு. அடுத்த ஆண்டு, 1935 பிப்ரவரி 27 அன்று, சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை ஐந்தும் இந்தப் படத்துக்கே. முக்கியமான ஐந்தையும் ஒரே படம் பெற்றது அதுதான் முதல்முறை. அடுத்து அப்படி நடக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. தோற்றுவிடுவோம் என்று நினைத்து ரயில் நிலையத்துக்குப் போய்விட்ட கோல்பெர்ட்டை அழைத்துவந்து, பயண உடையிலேயே மேடை ஏற்றினார்கள்.

நம்மூர் தொடர்பைச் சொல்வதாகச் சொன்னேன். 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குக் காப்ரா அமெரிக்கக் குழுவின் தலைவராக வந்தார். நான்கு ஆண்டு கழித்து சென்னையின் ஏவி.எம். நிறுவனம் இதே கதையை இந்தியில் 'சோரி சோரி' என்று எடுத்தது. ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்தார்கள். அனந்த் தாக்கூர் இயக்கினார். 1966இல் கே. சங்கர் இயக்கிய 'சந்திரோதயம்' படத்தில் வீட்டைவிட்டு வந்த பெண்ணாக ஜெயலலிதாவும் நிருபராக எம்.ஜி.ஆரும் வந்தபோது, இந்தக் கதையின் சாயலைப் பார்த்தவர்கள் அடையாளம் கண்டார்கள். அதன் கதைப்போக்கு வேறு திசையில் போகிறது, எம்.ஆர். ராதாவின் பத்திரிகை முதலாளி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அதைப் பற்றித் தனியாகவே ஒரு சொற்பொழிவு செய்யலாம். இளம் ஆய்வாளர்கள் யாராவது எடுத்துச் செய்யவேண்டும் என்பது என் விருப்பம்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு படத்தைத் திரையிடுகிறார்கள். 105 நிமிடம் ஓடும். பேருந்துப் பாட்டு தொடங்கியதும் கதாநாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டு மற்ற பயணிகளின் முகங்களைப் பாருங்கள். கேள்விகளைப் படம் முடிந்தபின் வைத்துக்கொள்வோம்.